46,800 ரூபாய் போயிட்டுது: உள்ளலங்காரச் சஞ்சிகைக்குச் சந்தா கட்ட இருக்கிறவர்கள் ஒருக்கா வாசியுங்கோ

வெளிநாட்டு உள்ளலங்காரச் சஞ்சிகைக்கு இணையத்தில் சந்தா கட்டலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது. 46,800 ரூபாய். இரண்டு வருடம், 24 இதழ், விமானத் தபாலில் திருகோணமலை வீட்டு வாசலுக்கே வரும் என்று சொல்லி எடுத்த காசு. ஏழு மாதமாகிறது. ஒரு இதழ் வரவில்லை.

எடுத்தது சஞ்சிகையை வெளியிடுகிற கம்பனி இல்லை. பல நாட்டுச் சஞ்சிகைகளுக்கும் ஒரே இடத்தில் சந்தா எடுத்துத் தருகிறோம் என்கிற இடைத்தரகர் இணையத்தளம். நாளைக்கு வேறு பெயரில் வந்து நிற்கும், அதனால் பெயரை விட்டு அது வேலை செய்கிற விதத்தைப் பாருங்கோ.

தளத்தில் பழைய இதழொன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க விட்டிருந்தார்கள். வட்ஸ்அப்பில் கேள்வி போட்டால் பத்து நிமிசத்தில் தமிழில் பதில். "திருகோணமலையோ? 31000 தானே அக்கா? வீதிப் பேரையும் வீட்டு இலக்கத்தையும் மட்டும் அனுப்புங்கோ." அந்த 31000இல்தான் விழுந்தது. எங்கட ஊர்த் தபால் இலக்கம் சொல்லுகிறவர் எங்கட ஊருக்கு அனுப்பிப் பழகினவர் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. தேடினால் ஒரு நொடியில் எவருக்கும் கிடைக்கிற இலக்கம் அது! காட் இலக்கத்தைப் போட்டேன். 46,800 கழிந்ததென்று வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது.

கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும். 46,800ஐ 24ஆல் பிரித்தால் ஒரு இதழ் 1,950 ரூபாய். மினுங்கல் தாளில் 200 பக்கம் என்றால் அரைக் கிலோவுக்குக் கிட்டப் பாரம். ஐரோப்பாவிலிருந்து அதை விமானத் தபாலில் அனுப்ப முத்திரைக்கே அந்தக் காசு காணாது. அதைவிட மோசம், 24 என்கிற எண்ணே பொய். இந்த வகைச் சஞ்சிகைகள் பல மாதா மாதம் வருவதில்லை. வருடத்துக்கு ஆறு, எட்டு, பத்து என்றுதான் வரும். நான் கட்டினது இரண்டு மாதத்துக்கு ஒருக்கா வருகிற சஞ்சிகைக்கு. இரண்டு வருடத்தில் அச்சாகிறதே 12 இதழ். மிச்சம் 12 இதழை அச்சடிக்கிறவன் உலகத்திலேயே இல்லை, அதையும் விற்றுக் காசு எடுத்திருக்கிறார்கள்.

பிறகு சாட்டுகள். முதலில் "முதல் இதழ் வர எட்டிலிருந்து பன்னிரண்டு கிழமை எடுக்கும்." வெளிநாட்டுச் சந்தாவில் இது உண்மையிலேயே நடக்கிறதுதான், அதனால் நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்து "உங்கட தபாற்கந்தோரில் கேளுங்கோ அக்கா." போய்க் கேட்டால் அங்கே ஒன்றும் இல்லை. பிறகு பொதியைத் தேடிப் பார்க்கிற இலக்கம் என்று ஒன்று அனுப்பினார்கள். வெறும் 12 இலக்கம். சர்வதேசத் தபாலில் பதிவு செய்த பொதியென்றால் முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பின நாட்டின் இரண்டு எழுத்து, மொத்தம் 13 இருக்க வேணும். பிரித்தானியா என்றால் ஜிபி, இலங்கை என்றால் எல்கே என்று முடியும். அந்த வடிவத்தில் இல்லாத இலக்கத்தைத் தந்து தபாலில் இருக்கென்று சொன்னால் அது சும்மா தட்டின எண்.

ஐந்தாம் மாதம், "பொறுத்ததுக்கு" என்று ஒரு பிடிஎஃப் வந்தது. திறந்தால் பக்கங்கள் நடுவில் கறுப்பு நிழல் விழுந்து எழுத்து வளைந்து போயிருக்கு. புத்தகத்தை அமத்திப் பிடித்துப் படமெடுத்தது. ஒரு பக்கத்து மூலையில் யாரோ ஒருவரின் பெருவிரல் நகத்தோடு தெரிகிறது. இதற்கா 46,800? அன்றிலிருந்து மெசேஜுக்கு நீலச் சரி மட்டும்தான், பதில் இல்லை.

இந்த இழுத்தடிப்புக்கு ஒரு காரணம் இருக்கு. காட் கொடுப்பனவை வங்கி மூலம் மறுத்துக் காசைத் திருப்பிக் கேட்க வழக்கமாக 120 நாள் எல்லை. பொருள் வராவிட்டால் அது வரவேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். "இன்னும் இரண்டு கிழமை அக்கா" என்று ஒவ்வொரு தரமும் சொல்லுவது அந்த நாளைக் கடத்தத்தான். முறைப்பாட்டுப் படிவம் இப்போதுதான் கொடுத்திருக்கிறேன்.

சரி, நேர்மையான சந்தா கிடைத்தால் பெறுமதியா? படம் பார்க்க என்றால் வேண்டாம். அதில் வடிவாகத் தெரிகிற சமையலறை அலுமாரிகளில் பல எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அமத்திச் செய்த பலகை. எங்கட கடலோர உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு மாரி போனால் வெட்டின விளிம்பால் ஈரம் ஏறி ஊதும். ஊதின இடத்தில் பிணைச்சல் ஆணி பிடிக்காது. இங்கே மரைன் பிளைவூட் என்கிற ஈரம் தாங்குகிற ஒட்டுப்பலகை போட்டு, வெட்டின விளிம்பு எல்லாத்தையும் அடைக்க வேணும். 304 என்கிற சாதாரண தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைபிடி கடற்காற்றில் தேத்தண்ணிக் கறை மாதிரிக் கறள் காட்டும், கடலோரத்துக்கு உப்பைக் கூடத் தாங்குகிற 316 தரம்தான். அமெரிக்க இதழில் வருகிற விளக்கு 120 வோல்ட், எங்கட வீட்டுக் கரண்ட் 230. தெற்குப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி வைப்பது அவர்களின் குளிர்கால வெயிலை உள்ளே எடுக்க. இங்கே நீட்டின தாழ்வாரம் இல்லாமல் அப்படி வைத்தால் மத்தியானம் அந்த அறையில் இருக்கேலாது. அளவோடு தளப்படம் (வீட்டை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்த படம்) போடுகிற இதழ் மட்டும் வைத்துப் படிக்கப் பிரயோசனம். நடைபாதை எத்தனை அடி, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் எவ்வளவு என்பதை அதில் பிடிக்கலாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், கை நடுங்குகிறது. கெதியாகச் சொல்லுகிறேன். கொழும்புப் பெரிய புத்தகக் கடையில் ஒரு இதழ் வாங்கித் தளப்படம் எத்தனை பக்கம், விளம்பரம் எத்தனை பக்கம் என்று எண்ணுங்கோ. பிறகும் வேணுமென்றால் இதழின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கிற வெளியீட்டாளரின் முகவரியில் மட்டும் கட்டுங்கோ, அதுவும் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் என்ற பெட்டியில் சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கோ. விற்றவர் இலங்கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் இன்றைக்கே வங்கிக்குப் போன் எடுத்து வங்கிக் காட்டை நிறுத்தச் சொல்லுங்கோ. அந்த 46,800ஐ எடுத்த காட் இலக்கம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கு.