அசலைச் சந்தேகிக்க வைத்த போலி: மாந்தோப்பில் 24எல்01+ வயர்லெஸ் மாட்யூல்

காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவர், கம்பியில்லாமல் சிறு தரவுகளை அனுப்பவும் பெறவும் உதவும், விலை இன்னும் இறங்கிவிட்ட என்.ஆர்.எஃப்.24எல்01+ மாட்யூலின் விற்பனைப் பக்கத்தை அனுப்பி, "உங்கள் தோப்பில் ஓடுவது இதுதானே, தைரியமாக வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அந்த விலைக்கு நார்வே நாட்டு நார்டிக் நிறுவனத்தின் அசல் சிப்பை மட்டும்கூடச் சில்லறையில் வாங்க முடியாது; ஆகவே விற்கப்படுவது போலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் தோப்பில் ஓடுவதும் போலிதான் என்பதால், ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் எழுத முடியவில்லை.

பாலக்கோட்டுக்கு அருகே உள்ள எங்கள் தோப்பில், தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு மாட்யூல் அனுப்ப, மோட்டார் அறையில் இருக்கும் மற்றொன்று அதைப் பெற்று ஸ்டார்ட்டரை இயக்கும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் தொட்டி நிரம்பியாக வேண்டும், நிரம்பியதும் மோட்டார் நின்றாக வேண்டும். இடையில் நிற்பவை பெங்களூரா மரங்கள். மழையில் நனைந்த மாவிலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும். அப்படியிருந்தும் மலிவு விலைக்கு வாங்கிய அந்த ஜோடி, இரண்டு மழைக்காலங்களைச் சிணுங்காமல் கடந்தது. அதுவரை எனக்கு அவற்றின்மேல் நன்றியுணர்ச்சி மட்டுமே இருந்தது.

கோடை இடி ஒன்றில் தொட்டிப் பக்கத்து மாட்யூல் செத்துப்போனபோதுதான் கதை திரும்பியது. ஓசூரில் கைப்பேசி பழுதுபார்க்கும் நண்பர், நார்டிக்கின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வரவழைத்த அசல் சிப்பை, ஹாட் ஏர் கொண்டு அதே பலகையில் பொருத்திக் கொடுத்தார். பலகை, ஆண்டெனா, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எல்லாம் பழையவை. மாறியது சிப் ஒன்றுதான். நிறுவிப் பார்த்தால், நீர்மட்டம் மோட்டார் அறைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அனுப்பிய பக்கமோ ஒவ்வொரு முறையும் "போய்ச் சேரவில்லை" என்று பிழை காட்டி, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் தாங்கிய ஏஏ செல்கள் சில நாட்களில் காலியாயின. சந்தேகம் இயல்பாகவே புதிதாக வந்ததன்மீது விழுந்தது. விநியோகஸ்தரே ஏமாற்றிவிட்டார் என்று கடிதம் எழுதும் அளவுக்குக் கோபம் வந்தது.

காரணம் ஒரே ஒரு பிட். இந்தச் சிப் அனுப்பும் ஒவ்வொரு பொதியிலும், அதாவது ஒரு தடவையில் போகும் தரவுக் கட்டிலும், 9 பிட் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு: தரவின் நீளத்துக்கு 6, பொதியின் அடையாளத்துக்கு 2, "வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை எனக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு 1. அந்தக் கடைசி பிட் 1 என்று இருந்தால் ஒப்புகை அனுப்ப வேண்டாம் என்கிறது நார்டிக்கின் டேட்டாஷீட், அதாவது சிப்பின் தொழில்நுட்ப விவரக் குறிப்பு. ஆனால் நார்டிக்கின் சிப்போ நடைமுறையில் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. நகலெடுத்தவர்கள் டேட்டாஷீட்டை எழுத்துக்கு எழுத்து நம்பிச் செய்துவிட்டார்கள். ஆகவே போலியும் போலியும் பேசும், அசலும் அசலும் பேசும். இரண்டையும் கலந்தால் ஒன்று ஒப்புகை கேட்கும்போது மற்றொன்று அதை "வேண்டாம்" என்று புரிந்துகொள்ளும். பொதியின் நீளத்தை மாறும்படி விட்டிருந்த என் நிரலில் இது முழு வடிவில் வெளிப்பட்டது. நீளத்தை நிலையாக வைத்ததும் இரண்டும் பேசத் தொடங்கின. காப்பியடித்தவர் ஒழுங்காக எழுதியிருக்க, கேள்வித்தாளைத் தயாரித்தவரே தவறிழைத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

போலியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்றால், ஓரளவுக்கு முடியும். 4 மில்லிமீட்டர் சதுரச் சிப்பே இல்லாமல் கறுப்பு மெழுகுத்துளி போன்ற பிசின் சொட்டு இருந்தால், அது நார்டிக்குடையது அல்ல என்பதில் விவாதமே கிடையாது. சிப் இருந்தால் அதன்மேல் மூன்று வரிகள் இருக்க வேண்டும். மூன்றாவது வரியில் ஆண்டுக்கு இரண்டு, வாரத்துக்கு இரண்டு, வேஃபர் (சிப்பை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வில்லை) தொகுதிக்கு இரண்டு என ஆறு எழுத்துகள். வார எண் 53-ஐத் தாண்டியிருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம். இருப்பினும், என்னிடம் இருந்த போலிகளில் அச்சு அசலைவிடப் பளிச்சென்று அழகாகவே இருந்தது என்பதால், கண்ணை மட்டும் நம்புவதில் பயனில்லை.

இந்த மாட்யூலை அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் இயக்க உதவும் நிரலகத்தில் இருக்கும் "பிளஸ் வகையா" என்ற சோதனையைச் சிலர் அசல் சான்றிதழாகக் காட்டுகிறார்கள். அது சோதிப்பது, சிப் 250 கிலோபிட் வேகத்தை ஏற்கிறதா என்பதை மட்டுமே. பிளஸ் இல்லாத பழைய 24எல்01 அதில் தோற்கும், எஸ்.ஐ.24ஆர்1 போன்ற சீன நகல்கள் வெற்றிகரமாகத் தேறிவிடும். நம்பத்தக்க சோதனை, உறங்கும்போது இழுக்கும் மின்னோட்டம். அசலுக்கு டேட்டாஷீட் சொல்வது 900 நானோ ஆம்பியர். என் மல்டிமீட்டர் அதைச் சுழியம் என்றே காட்டியது, போலிக்கோ மைக்ரோ ஆம்பியர் கணக்கில் எண் ஏறியது. அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று கையில் இருந்தால், சந்தேகத்துக்குரியதை அதனுடன் மாறும் நீளப் பொதிகளில் பேசவிட்டு, ஒப்புகை வருகிறதா என்று பார்ப்பது அதைவிடத் தெளிவான வழி.

ஆனால் தொலைவு எட்டவில்லை என்று போலியைத் திட்டுகிறவர்களில் பலர் உண்மையில் திட்ட வேண்டியது மின்வழங்கலை. அர்டுயினோ வகையைச் சேர்ந்த பழைய நானோ பலகையில் 3.3 வோல்ட் என்பது யூஎஸ்பி இணைப்புக்கான எஃப்டி232 சிப்பிலிருந்து வருவது. அதனால் 50 மில்லிஆம்பியருக்கு மேல் தர முடியாது. நீள ஆண்டெனா வைத்த ஆற்றல் பெருக்கி மாட்யூல் அனுப்பும் நொடியில் 100-ஐத் தாண்டும். சப்ளைக் கால்களுக்கு அருகே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்துப் பார்க்காமல் எவரையும் குற்றம் சொல்லக் கூடாது. வைஃபை நெரிசலைத் தவிர்க்க 108-ஆம் சேனலுக்குப் போகச் சொல்லும் அறிவுரையும் நம் நாட்டுக்குப் பொருந்தாது. அது 2508 மெகாஹெர்ட்ஸ். இங்கே உரிமமின்றிப் பயன்படுத்தும் பட்டை 2483.5-இலேயே முடிந்துவிடுகிறது.

நியாயமாகப் பேசினால், எஸ்.ஐ.24ஆர்1 மோசமான சிப் அல்ல. அசலின் உச்ச வெளியீடு 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட். இதன் உச்சம் 7 டிபிஎம், ஏறத்தாழ 5 மில்லிவாட். நனைந்த மாவிலைகளுக்கு ஊடே என் ஜோடி பேசியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தன் பெயரை வெளிப்படையாகப் பொறித்துக்கொண்டு வந்திருந்தால் நானே நான்கு வாங்கியிருப்பேன். எனக்குப் பொறுக்காதது, அதன்மேல் அடுத்தவர் பெயரை அச்சிட்டு, ஒரு பிட் வேறுபாட்டைச் சொல்லாமல் மறைத்து விற்பதுதான். அந்தப் பொய்யால் தேடலில் வீணான இரவுகளுக்கு எந்த விற்பனையாளரும் பணம் திருப்பித் தரப்போவதில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். உழைப்பு, தொலைவு, விலை மூன்றுக்கும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போடும் அதே கையால்தான் இதை எழுதுகிறேன். மீறி வாங்குவதென்றால் ஒரே கடையில், ஒரே நாளில், உதிரிக்கும் சேர்த்து வாங்கி, அசல் எதையும் அவற்றுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். நானும் அசல் சிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டிப் பக்கத்துக்கு இன்னொரு போலியைத்தான் மாட்டியிருக்கிறேன். மோட்டார் நேரத்துக்கு நிற்கிறது.