பித்தப்பைக் கல்: மாத்திரையா, ஆபரேஷனா?

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது, வலியே இல்லை என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். ஒருமுறை வலி வந்தபிறகுதான் இந்தக் கேள்வியே. முதலில் மாத்திரையை நம்பி, பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவன் நான்.

மாத்திரையின் பெயர் அர்சோடிஆக்சிகோலிக் அமிலம். கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஆனால் கல் கொழுப்புக் கல்லாக, சிறியதாக, சுண்ணாம்பு ஏறாததாக இருக்கவேண்டும். கரைய 6 மாதம் முதல் 2 வருடம் ஆகும். நான் 8 மாதம் விழுங்கினேன். 8 மி.மீ. கல் 6 ஆனது. சந்தோஷப்பட்ட அதே வாரம், நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்த வலி தோள்பட்டைவரை ஏறியது. விடியும்வரை உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

என்னை மாற்றியது அந்த வலி மட்டுமல்ல. கல் முழுதாகக் கரைந்தாலும் அது விளைந்த பை உள்ளேயே இருக்கிறது. கொழுப்பு மிகுந்த பித்தநீர் அதில் தேங்கத் தேங்க மறுபடி கல் சேரும். கரைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 5 வருடத்துக்குள் திரும்புகிறது. நடுவில் சின்னக் கல் ஒன்று நழுவிப் பித்தக்குழாயில் மாட்டினால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி என்று விஷயம் பெரிதாகிவிடும். இத்தனை வருடக் காத்திருப்புக்கு முடிவே இல்லை என்று பட்டது.

ஆபரேஷன் என்றால் கல்லோடு பித்தப்பையையே எடுத்துவிடுவது. லேப்ராஸ்கோபியில், அதாவது துளை வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்கிற முறையில், பெரும்பாலும் 4 சிறு துளைகள்தான். 1985க்கு முன் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். மறுநாளே வீடு திரும்பினேன். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய வாயுவால் 2 நாள் தோள் வலித்தது. தையலைவிட அதுதான் படுத்தியது. பை போனால் செரிமானமே போய்விடும் என்று பயப்படவேண்டாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்துவைக்கிற இடம் மட்டுமே. எனக்கு 3 வாரம் வயிறு இளகிப் போனது, அப்புறம் சரியாகிவிட்டது. சிலருக்கு அது நீடிக்கும். பித்தக்குழாயில் காயம் படுவது அபூர்வம், ஆனால் பட்டால் கடுமையானது. அதைப் பற்றி மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். கல் ஏற்கெனவே குழாயில் இருந்தால் பையை எடுப்பது மட்டும் போதாது, பெரும்பாலும் வாய்வழியாக எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய நீளக் குழாய்) விட்டு அதைத் தனியாக எடுப்பார்கள்.

ஆபரேஷனாகி 2 வருடம்தான் ஆகிறது, அதற்குமேல் என் அனுபவம் பேசாது. இதய நோய் போன்ற காரணத்தால் மயக்க மருந்து தாங்காதவர்களுக்கு மாத்திரையே சரியாக இருக்கலாம்.

வலியோடு காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் மட்டும் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.