கச்சான் காத்துக்குள்ள புல்லுத்தரை: அறுகும் மலேசியன் புல்லும், கன வருசப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில முத்தத்தில புல்லு வளக்கிறது கஷ்டமில்லை, வைகாசிக்குப் பிறகு அதை உயிரோட வச்சிருக்கிறதுதான் கஷ்டம். மாரியில எல்லாற்ற வீடும் பச்சை. கச்சான், அதான் தென்மேல் பருவக்காத்து, தொடங்கி ரெண்டு கிழமை போகட்டும், அப்ப பாருங்கோ. அந்தக் காத்து தன்ர மழையெல்லாத்தையும் மலைநாட்டுக்கு அங்கால கொட்டிப்போட்டு எங்கட பக்கம் இறங்கேக்க ஈரம் எண்டு ஒண்டும் மிஞ்சாது, வெயிலும் 34, 35 பாகையில நிக்கும், கொடியில போட்ட சேலை எடுக்கப் போறதுக்குள்ள காஞ்சிடும், அதே காத்துத்தான் நாள் முழுக்க புல்லிலயும் அடிக்குது.

எங்கட வீடு அலஸ்தோட்டம் பக்கம், கடலுக்குக் கிட்ட, சுத்த மணல் தரை. முன்பக்கம் வீடு கட்டின காலத்திலயே சதுரம் சதுரமா கொண்டுவந்து பதிச்ச மலேசியன் புல்லு, பின்பக்கம் தானா வந்து படர்ந்த அறுகு. ரெண்டுக்கும் ஒரே கிணறு, ஒரே வெயில், வெட்டுறதும் நான்தான். பல கச்சான் காலம் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வச்சுப் பாத்த பிறகுதான் இதை எழுதுறன். வெயில் விழுற இடத்துக்கு அறுகுதான், வேற பேச்சே இல்லை.

மலேசியன் புல்லில நல்லதே இல்லையா எண்டா, மாரியில அது வடிவு. அகல இலை, கால் வச்சா மெத்தெண்டு இருக்கும், பிள்ளையள் உருண்டு விளையாடும். ஆனா வேர் மேலாலதான் ஓடும், எங்கட மணலில மேல் ரெண்டு மூண்டு அங்குலம் ஒரு நாள் வெயிலிலேயே காஞ்சு போகும், அதால ஆனி ஆடியில ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி காட்டேல்லையெண்டா ஓரத்திலயிருந்து கருகத் தொடங்கும். கருகினது கனக்க இடத்தில திரும்ப வராது, அந்த வெத்துத் தரையில நெருஞ்சி முளைக்கும், பிறகு வெறுங்காலோட நடக்கேலாது. நல்லா நிண்டது மாமரத்துக்குக் கீழ உள்ள துண்டு மட்டும்தான். நிழலுக்கு அது நல்ல புல்லு, அந்தத் துண்டை நான் கடைசி வரைக்கும் கிளப்ப மாட்டன்.

அறுகு வேற மாதிரி. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி எண்டு கலியாண வீட்டில பெரியாக்கள் வாழ்த்திறது சும்மா இல்லை. மேலால ஓடுற கொடியும் இருக்கு, மண்ணுக்குக் கீழால ஓடுற தண்டும் இருக்கு, வேர் ஆழத்துக்குப் போகும். தண்ணி இல்லையெண்டா இலையைக் காயவிட்டிட்டு கீழ உயிரை வச்சுக்கொண்டு கிடக்கும். ஆவணியில எங்கட பின்பக்கத்தைப் பாக்கிற ஆக்கள் புல்லு செத்துப்போச்சு, கிளறிப்போட்டுப் புதுசு பதியுங்கோ எண்டுவினம். சாகேல்லை, நித்திரை. ஒரு கொடியை இழுத்துப் பாருங்கோ, மண்ணைப் பிடிச்சுக்கொண்டு வராம நிண்டா, கணுவில நகத்தால கீறினா வெள்ளையா ஈரமா இருந்தா, அது உயிரோடதான் இருக்கு. ஐப்பசியில ரெண்டு நல்ல மழை விழுந்தாக் காணும். இதை விளங்கிக்கொண்டா பாதிக் காசும் பாதித் தண்ணியும் மிச்சம். புல்லெண்டா வருசம் முழுக்கப் பச்சையாத்தான் இருக்கவேணும் எண்டு ஏன் நினைக்கிறம்? உப்புவெளி யுத்த மயானத்துப் புல்லைக் காட்டி அதுமாதிரி வேணும் எண்டு கேக்கிறவை இருக்கினம், அங்க பராமரிக்கிறதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம், வீட்டில எங்களுக்கு வேற வேலையும் இருக்கு.

வெட்டுற விசயத்துக்கு வாறன், இதிலதான் கனபேர் புல்லைக் கொல்லினம். இங்க வழக்கம் என்னெண்டா தங்கூசி (நைலோன் நூல்) பூட்டின மெஷினோட ஒரு ஆளைக் கூப்பிட்டு, குடுக்கிற காசுக்கு நிலம் தெரியிற அளவுக்கு ஒட்ட வெட்டுவிக்கிறது, அப்பதான் அடுத்த முறை கூப்பிட நாள் எடுக்குமாம். மாரியில அது தாங்கும். கச்சானுக்குள்ள ஒட்ட வெட்டினா மண்ணுக்கு மூடு இல்லாமப் போகும், வேரில வெயில் இறங்கும், தங்கூசி இலையை வெட்டாது, அடிச்சுக் கிழிக்கும், கிழிஞ்ச நுனி அடுத்த நாளே வெள்ளையாக் காயும். சித்திரை முடியேக்க உயரத்தைக் கூட்டுங்கோ, மற்ற நேரம் 3 சென்ரிமீட்டரில வெட்டுறனீங்கள் எண்டா 5க்கு விடுங்கோ, ஒருக்கா வெட்டேக்க இருக்கிற உயரத்தில மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்காதேங்கோ. வெட்டின புல்லைக் கூட்டி அள்ளவும் வேண்டாம், சின்னச் சின்னதா இருந்தா அப்பிடியே கிடக்கட்டும், மண்ணுக்கு அதுவே மூடு.

என்னட்ட இருக்கிறது கையால தள்ளுற உருளை மோவர். 2022இல பெற்றோலுக்கு லைன் நிண்ட காலத்தில, கானில பெற்றோல் வாங்கேலாம பெற்றோல் மெஷினெல்லாம் மூலையில கிடந்துது, அப்பத்தான் இதை பாவிச்ச ஒருத்தரிட்ட வாங்கினது. இப்ப பெற்றோல் இருக்கு, ஆனா நான் பழைய மெஷினுக்குத் திரும்பப் போகேல்லை. கத்தரிக்கோல் மாதிரி வெட்டும், நுனி கிழியாது, சத்தமில்லை, விடிய ஆறு மணிக்குத் தள்ளினாலும் பக்கத்து வீட்டு மாமி எழும்ப மாட்டா. குறை எண்டா, புல்லு முழங்கால் உயரத்துக்குப் போனா இது எடுபடாது, மாரியில கிழமைக்கு ஒருக்கா தள்ளத்தான் வேணும், ஒரு சின்னக் கல்லு சிக்கினாலும் பிளேட்டில பல்லு விழும். கடல்காத்துக்கு துருப்பிடிக்கிறது இன்னொரு பிரச்சினை, ஒவ்வொருக்காலும் துடைச்சு தேங்காயெண்ணெய் பூசி வைக்கிறன், நல்லாத்தான் ஓடுது.

தண்ணிக் கணக்கு லேசு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லீற்றர் விட்டா ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமன். நாலு பேர்ச் புல்லு கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர், அதுக்கு 20 மில்லிமீட்டர் குடுக்க 2000 லீற்றர் வேணும், அதாவது ஆயிரம் லீற்றர் டாங்கி ரெண்டு. இதைப் போட்டுப் பாத்தாலே விளங்கும், பின்னேரத்தில ஹோஸைப் பிடிச்சுக்கொண்டு பத்து நிமிசம் தெளிக்கிறது புல்லுக்குப் போய்ச் சேராது எண்டு. அது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், வேர் மேலயே நிக்கப் பழகும், அடுத்த நாள் காத்து வந்து துடைச்சுக்கொண்டு போகும். நான் அறுகுக்கு கச்சான் காலத்தில ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா, விடியப்புறம், வெயில் ஏற முதல், நல்லா ஊற விடுறன், அது பச்சையாக்கிறதுக்கு இல்லை, கீழ உள்ள தண்டு சாகாம இருக்கிறதுக்கு. ஸ்பிரிங்ளர் எவ்வளவு குடுக்குது எண்டு பாக்க வெறும் மீன் டின் நாலைஞ்சை அங்கங்க வச்சு அளந்து பாருங்கோ, ஒரு மூலைக்கு 5 மில்லிமீட்டரும் மற்ற மூலைக்கு 15உம் விழும், காத்து அடிக்கிற பக்கம் எப்பவும் காஞ்சு கிடக்கிறதுக்குக் காரணம் அதுதான். பைப் தண்ணி கந்தளாய்க் குளத்திலயிருந்து வாறது, வயலும் அதைத்தான் நம்பியிருக்கு, அதைப் புல்லுக்கு விட எனக்கு மனம் வராது, பில்லும் 2022இலயும் 2023இலயும் கூடினதுதானே.

அப்ப கிணறுதான். கடலோர ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ, ஆடி ஆவணியில கிணத்துத் தண்ணி கீழ இறங்க இறங்க உப்புக் கூடும், மோட்டரைப் போட்டு ஒரேயடியா இறைச்சா இன்னும் கூடும். வாயில வச்சுப் பாத்தாலே தெரியும். மலேசியன் புல்லுக்கு அது ஆகாது, இலை நுனி மண்ணிறமாகும், தண்ணி காணாது எண்டு நினைச்சு இன்னும் ஊத்துவம், இன்னும் கருகும். அறுகு உப்பை நல்லாத் தாங்கும். மாரி மழை அந்த உப்பைக் கழுவிக்கொண்டு கீழ இறக்கிடும்.

பசளை பற்றிச் சுருக்கமா. கச்சானுக்குள்ள யூரியா போடாதேங்கோ, காய்ஞ்ச புல்லுக்கு அது எரிவுதான். கார்த்திகை அடைமழையிலயும் வேண்டாம், மணல் தரையில எல்லாம் கழுவுப்பட்டுப் போகும். தை மாசிதான் நேரம், மழை குறைஞ்சு மண்ணில ஈரம் இருந்து வெயிலும் வரேக்க, அறுகு பாயிற பாய்ச்சல் சொல்லி வேலையில்லை. 2021இல ரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து நான் மக்கின மாட்டெருவை அரிச்சு, தும்புத்தூளும் கலந்து, மெல்லிசா விசுக்கி விடுறன், யூரியா போட்டதை விட நிறம் மெதுவாத்தான் வரும், ஆனா வருசா வருசம் மணலுக்கு ஈரம் பிடிக்கிற தன்மை கூடுது, அது கையால தொட்டாத் தெரியும்.

இன்னொண்டு, வேலி. கச்சானுக்குள்ள ஊருக்குள்ள பச்சையா இருக்கிறது உங்கட வீட்டுப் புல்லு மட்டும்தான் எண்டா, கட்டாக்காலி மாடு ராவில படலையைத் தள்ளிக்கொண்டு வரும், கோட்டைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு மான். மான் மேஞ்சா பெரிசாச் சேதமில்லை, மாட்டுக் குளம்பு ஈர மணலில பள்ளம் விழுத்தும், தண்ணி விட்ட அண்டிரவு படலையைக் கட்டாயம் பூட்டுங்கோ.

முன்பக்கத்தில வெயில் படுற பகுதியை இந்த மாரியோட அறுகுக்கு மாத்தப் போறன். காசு குடுத்து வாங்கத் தேவையில்லை, பின்பக்கத்துக் கொடியை வெட்டி, ஒவ்வொரு துண்டிலயும் ரெண்டு மூண்டு கணு இருக்கிற மாதிரி, ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு அரை அடிக்கு ஒண்டா, ஒரு கணு மண்ணுக்குள்ளயும் ஒரு கணு வெளியிலயும் நிக்க ஊண்டிவிட்டா தைப்பொங்கலுக்குள்ள மூடிடும். கோரைக் கிழங்கு இருந்தா மட்டும் அதுக்கு முதலே தோண்டி எடுத்துப்போடுங்கோ, அது அறுகுக்குள்ள ஏறினா பிறகு பிரிக்கேலாது.