நீட் கைவிட்ட பிறகு: ரிப்பீட்டா, வேறு படிப்பா, தோப்பை விற்பதா?

பிளஸ் டூவில் 600-க்கு 583. பள்ளிக்கூடத்தில் மகள் படத்தைப் போட்டுக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அது வெயிலில் வெளுப்பதற்குள், 2025 ஜூன் 14 அன்று நீட் முடிவு வந்துவிட்டது, 720-க்கு 431. அப்புறம் ஒரு வாரம் அவள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனாள். முடிவு வந்த அன்று சாயங்காலமே ஒரு கோச்சிங் சென்டரிலிருந்து போன் வேறு, "மேடம், ரிப்பீட்டர் பேட்ச், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா சலுகை இருக்கு." எப்படித்தான் நம்பர் கிடைக்கிறதோ!

அந்த வாரம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு வழி சொன்னார்கள். எல்லாரும் சொன்னது அந்த வழி ஜெயித்தால் என்ன ஆகும் என்பதைத்தான். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு நாள் சில்வர் பீச்சில் உட்கார்ந்து அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தோம்: இந்த வழியும் சொதப்பினால் அடுத்த ஜூனில் பிள்ளை எங்கே நிற்கும்?

முதலில் ரிப்பீட், அதாவது ஒரு வருஷம் கோச்சிங் போய் மறுபடி நீட் எழுதுவது. பணம், ஹாஸ்டல் இதெல்லாம் அப்புறம்தான், எத்தனை மார்க் குறைகிறது, எந்தப் பாடத்தில் குறைகிறது என்பதுதான் முதல் கேள்வி. 180 கேள்வியில் உயிரியல் மட்டும் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழியும். புதுச்சேரியில் இருக்கும் என் அக்கா பையனுக்குக் கொஞ்சத்தில்தான் போனது, அதுவும் இயற்பியலில் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியதால் கழிந்த மார்க்தான் அதிகம். அவன் மறுபடி எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது, எழுதத்தான் போகிறான். என் மகளுக்கு மூன்று பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. அதை ஒரு வருஷத்தில் ஏற்றுவது வேறு மாதிரி வேலை.

இன்னொன்று, போன வருஷ கட் ஆஃபை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2024-இல் முதல் அறிவிப்பில் 67 பேர் 720-க்கு 720. 2025-இல் நாட்டிலேயே முதல் மார்க் 686. அதனால் மார்க்கை விட்டுவிட்டு ரேங்கைப் பாருங்கள்.

ரிப்பீட் சொதப்பினால்? நான் பயந்த அளவுக்கு இல்லை. நீட்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு கிடையாது, பிளஸ் டூ மார்க்கும் அழிந்துவிடாது, அதே மார்க்கை வைத்து அடுத்த வருஷம் வேறு கவுன்சலிங்குக்குப் போகலாம் (அறிவிப்பில் வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்). போவது ஒரு வருஷம். ஆனால் அந்த வருஷம் பிள்ளை யாருடன் பேசும், கூடப் படித்தவர்கள் காலேஜ் போட்டோ போடும்போது எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பதை நாமக்கல் கோச்சிங் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிற நாம் பார்க்கப்போவதில்லை.

இரண்டாவது, ஏதோ ஒன்றில் சேர்ந்துகொண்டே நீட்டும் எழுதுவது. கேட்கும்போது இதுதான் புத்திசாலித்தனமாக இருக்கிறது, எங்கள் வீட்டிலும் முதலில் இதுதான் முடிவாக இருந்தது. எனக்கு இதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. செமஸ்டர், லேப், மாக் டெஸ்ட் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழும், பிள்ளை காலேஜில் யாரோடும் ஒட்டாது, 'எப்படியும் போகப்போகிறோம்' என்று அரியரும் வைக்கும். சொதப்பினால் இரண்டு பக்கமும் அடி. ஒரிஜினல் சர்டிபிகேட் காலேஜில், மனசு கோச்சிங்கில்.

மூன்றாவது, பணம் கட்டிச் சேர்வது. மாமனாருக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு இருக்கிறது, "வித்துடலாம்மா, பேத்திக்குத்தானே" என்றார். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருஷக் கட்டணமே பல லட்சம், நாலரை வருஷம் கட்ட வேண்டும், அப்புறம் ஒரு வருஷம் பயிற்சி, மேல்படிப்புக்கு இன்னொரு நீட். நடுவில் பிடிக்கவில்லை என்று பிள்ளையால் வாய் திறக்க முடியுமா? தோப்பு போயிருக்குமே. வெளிநாடும் கிட்டத்தட்ட இதே கதைதான், கூடவே திரும்பி வந்து இங்கே ஒரு தகுதித் தேர்வு.

நாலாவது, நீட்டை மறந்து வேறு படிப்பு. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். 583 எடுத்த பிள்ளைக்கு இங்கே அந்த மார்க்குக்கு மதிப்பு இருக்கிறது, நீட்டில் அது செல்லாக் காசு. மகளுக்குச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மை கிடைத்தது. நாலு வருஷம். பிடிக்காமல் போனாலும் கையில் ஒரு தொழில்படிப்பு இருக்கும், கடன் இருக்காது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் விதி வேறு. அக்கா பையன் போட்டி போட, புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாகக் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மத்திய அரசின் ஜிப்மரில் புதுச்சேரிக்காரர்களுக்கென்று தனி இடங்களும் உண்டு. கடலூரில் பாதிப் பேர் வைத்தியத்துக்கு ஜிப்மருக்குத்தான் போகிறோம், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே அகில இந்தியப் போட்டிதான். எதிர்வீட்டு அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தபோது முதல் நாள் எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மறுநாள் அவள் அம்மாவைப் பார்த்தேன், நான் கோச்சிங்குக்குக் கட்டிய பணம் அவர்கள் வீட்டில் ஒரு வருஷச் சாப்பாடு.

கடைசியில் முடிவை மகள்தான் எடுத்தாள், அதுவும் ஃபிளெக்ஸைக் கழற்றிய பிறகு. "அம்மா, இன்னொரு வருஷம் அந்த பிசிக்ஸ் மூஞ்சில முழிக்க முடியாதும்மா. அப்பாகிட்ட நீயே சொல்லிடு." சொன்னேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது அவர்தான், அவள் இல்லை.

அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பிளஸ் டூ என்றால், மே மாதம் மார்க் வந்த கையோடு கால்நடை, வேளாண்மை இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நீட் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்தால் கடைசி நாள் போனாலும் போய்விடும். நாங்கள் போட்டுவைத்ததே, "எதுக்கு அபசகுனமா" என்று இவர் திட்டியதைக் காதில் வாங்காமல் அவள் ராத்திரி ரகசியமாகப் போட்டதுதான்.