ஏடிஆரா, க்யூ400ஆ? தூத்துக்குடி ரூட்டில் பல வருட அனுபவம்

சென்னை - தூத்துக்குடி ரூட்டில் முதலில் ஸ்பைஸ்ஜெட்டின் க்யூ400, அப்புறம் இண்டிகோவின் ஏடிஆர் 72-600 என்று பல வருடமாகப் போய் வருகிறேன். இரண்டும் ப்ரொப்பெல்லர் விமானங்கள்; ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே "ஃபேன் வச்ச ஃப்ளைட்"தான். உட்கார்ந்து போகிறவனுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வேகத்தில் க்யூ400 முந்தும். மணிக்குச் சுமார் 660 கி.மீ. போகும், ஏடிஆர் 510 தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் க்யூ400 விறுவிறுவென்று ஏறிவிடும், ஏடிஆர் மேகத்துக்குள்ளேயே குலுங்கிக்கொண்டு போகும். சத்தம்? க்யூ400இல் அதிர்வை எதிரதிர்வால் அடக்கும் கருவி உண்டு. ஆனாலும் ப்ரொப்பெல்லருக்கு நேர் வரிசையில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. ஏடிஆரில் பின்வரிசை அமைதியாக இருக்கும். அதில் பயணிகள் வாசலும் பின்னால்தான், முன்பக்கம் சரக்கு. ஜெட் பழக்கத்தில் முன்வரிசைக்கு ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் இறங்குவார்கள். தெரியாதவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ட்ராலி பை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: மேல்தட்டு சின்னது.

சரி, வேகமானதை விட்டுவிட்டு இண்டிகோ ஏன் ஏடிஆரை எடுத்தது? இந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். 2017இல் இண்டிகோ 50 ஏடிஆர் வரை வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஸ்பைஸ்ஜெட் 50 க்யூ400 வரை வாங்க ஒப்பந்தம் போட்டது. ஒரே நாடு, ஒரே மாதிரி சிறு ஊர்கள், எதிரெதிர் முடிவு.

இரண்டிலும் 78 சீட் போடலாம். ஆனால் க்யூ400 இன்ஜினின் சக்தி ஏடிஆர் இன்ஜினைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த வேகத்துக்கான விலை எரிபொருளில் போகிறது. தூத்துக்குடி வான்வழியில் சுமார் 530 கி.மீ. கணக்குப் போட்டால் க்யூ400 மிச்சம் பிடிப்பது கால் மணி நேரம்; அதையும் சென்னையில் ஓடுதளத்துக்குக் காத்திருப்பதிலும் பெட்டிக்கு நிற்பதிலும் தொலைத்துவிடுவோம். ஆயிரம் கி.மீ. தடம் என்றால் நான் க்யூ400 பக்கம் நிற்பேன். இந்தத் தூரத்துக்கு ஏடிஆர்தான் சரியான கணக்கு, குலுக்கலைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று, ஆட்கள். டெக்கான், ஜெட், கிங்ஃபிஷர், அலையன்ஸ் ஏர் என்று இங்கே பல விமானக் கம்பெனிகளும் ஏடிஆர் ஓட்டியவைதான். பழகிய விமானிகளும் மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள். க்யூ400 பக்கம் ஸ்பைஸ்ஜெட் ஏறக்குறைய தனியாகவே நின்றது. அப்புறம் க்யூ400ஐச் செய்த பம்பார்டியர் கம்பெனி அந்தத் தொழிலை 2019இல் கைமாற்றியது, 2021இல் தயாரிப்பே நின்றது. ஒரு விமானத்தை இருபது வருடம் ஓட்டப் போகிறவன், அதைச் செய்கிற கம்பெனி அதுவரை கடை திறந்திருக்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இன்று இந்த அளவில் புதிதாக வாங்க வேண்டுமென்றால் நடைமுறையில் ஏடிஆரை விட்டால் வழியில்லை.

தூத்துக்குடியின் பழைய ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர். ஏர்பஸ் 320 ஜெட்டுக்கு அது போதாது, அதனால் நமக்கு ஃபேன் ஃப்ளைட் மட்டுமே வாய்த்தது. இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள்; 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. இனி ஜெட்தான் என்று ஊரில் பேச்சு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏடிஆர் போல 40 டன்னுக்குக் குறைவான விமானங்களுக்கு எரிபொருள் விற்பனை வரி குறைவு. பெரிய ஜெட்டுக்குத் தமிழ்நாட்டில் பல வருடமாக 29%. 80 சீட்டுக்குக் குறைவென்றால் தரையிறங்கும் கட்டணத்திலும் சலுகை உண்டு. ஏர்பஸ் வந்தால் இதெல்லாம் போய்விடும், மேலே 180 சீட்டையும் நிரப்ப வேண்டும். பொங்கல், தீபாவளிக்கு நிரம்பும். சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு ஏடிஆரே வரும் என்பது என் கணிப்பு.