டேவிஸ் உழவர் சந்தை: எதை வாங்கலாம், எதை விடலாம்

கலிபோர்னியாவின் டேவிஸில், 4-ஆம் தெருவும் சி தெருவும் சந்திக்கும் மத்தியப் பூங்காவில் இந்தச் சந்தை சனிக்கிழமைதோறும் காலை 8 முதல் பகல் 1 வரை கூடுகிறது. நிரந்தரக் கூரை உண்டு, மழைக்காலத்திலும் நடக்கும். மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் மரத்திலேயே பழுத்த ஏப்ரிகாட், பீச் வேண்டுமென்றால் கொடுக்கிற காசு வீணாகாது.

இது சான்று பெற்ற சந்தை. காய், பழம் விற்பவர் தாமே விளைவித்ததைத்தான் விற்க வேண்டும். கவுண்டி (மாவட்ட) வேளாண் ஆணையர் தந்த சான்றிதழ் கடையில் தொங்கும். என்னென்ன பயிர் என்று அதில் இருக்கும். பட்டியலில் இல்லாத காய் மேசையில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். ரொட்டி, சூடான சாப்பாட்டுக் கடைகளுக்கு இந்த விதி இல்லை.

அவசியம் வாங்க வேண்டியது பாதாம். 2007 முதல் கலிபோர்னியா பாதாமைக் கிருமிநீக்கம் செய்துதான் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். பாக்கெட்டில் ‘பச்சை’ (raw) என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். விவசாயி நேரடியாக, ஒருவருக்கு ஒரு நாளில் 100 பவுண்டு வரை விற்பதற்கு மட்டும் விலக்கு. ஊறவைத்து முளைகட்டுபவர்கள் இங்கே வாங்கலாம். கிருமிநீக்கம் செய்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தக்காளியில் கவனம் தேவை. இயந்திரம் பறித்தாலும் நசுங்காத, ஒரே நேரத்தில் பழுக்கும் தக்காளியையும் அதற்கான அறுவடை இயந்திரத்தையும் உருவாக்கியது இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹன்னா, கோபி லோரன்சன் கூட்டணி. ஆகஸ்டில் லாரி லாரியாக ஆலைக்குப் போவது அந்த வகை. சந்தையில் கிடைக்கும் நாட்டு ரகங்களோ தோல் மெலிந்து, காம்பைச் சுற்றி வெடித்திருக்கும். இரண்டு நாள் தாங்கினால் பெரிது. காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெளியிலேயே வையுங்கள், குளிர்பெட்டி வேண்டாம். ரசத்துக்கு அபாரம். தொக்குக்கு வாங்காதீர்கள்: நீர் அதிகம், வற்றுவதற்குள் எரிவாயுதான் தீரும். அதற்குச் சதைப்பற்றான ரோமா தக்காளி போதும்.

ஊரின் குணமும் சந்தைக்குச் சாதகம். விளைநிலத்தை வீட்டுமனையாக்க வாக்காளர் சம்மதம் வேண்டும் என்று 2000-இல் சட்டம் கொண்டுவந்த ஊர் இது. 2006-இல் டார்கெட் என்ற பெரிய சங்கிலிக் கடை வருவதற்கே வாக்கெடுப்பு நடந்து, மயிரிழையில்தான் தேறியது. வயல் ஊர் எல்லை வரை நிற்கிறது. அதற்கு விலையாக மாணவர்கள் வீட்டு வாடகையில் அழுகிறார்கள்.

கார் நிறுத்த இடம் தேடுவது பெரும் தொல்லை. சைக்கிள் நல்லது, ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் ‘பிக்னிக் டே’ திருவிழாச் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ஊரே நிரம்பி வழியும். ஸ்ட்ராபெரி, செர்ரிக்கு 9 மணிக்கு முன்பே போக வேண்டும். கோடையில் புதன் மாலைகளிலும் சந்தை உண்டு, ஆனால் அப்போது பாட்டும் சாப்பாடும்தான் பிரதானம். வாரக் காய்கறிக்குச் சனிக்கிழமையே சரி.