ஐயரோடு எப்படிப் பழகுவது? சபையாருக்கான ஒருநாள் வகுப்பு: காலை அருமை, மதியம் சுமார்

நெல்லைப் பக்கம் ஒரு ரிட்ரீட் இல்லத்தில் நடந்த வகுப்பு இது. போதகரோடு (எங்கள் பக்கத்துச் சபைகளில் அவரைத்தான் ஐயர் என்போம்) சபையார் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பொருள். கட்டணம் 300 ரூபாய், மதியச் சாப்பாடும் டீயும் அதிலேயே சேர்த்தி. எங்கள் சேகரத்தில் (ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) சபைக் கமிட்டி எலக்ஷன் முடிந்ததிலிருந்து ஐயரோடு முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள் உண்டு, அதனால்தான் பெயர் கொடுத்தேன்.

காலை வகுப்பை எடுத்தவர் ஒரு ரிட்டயர்டு ஐயர். பைபிளில் எபிரெயர் 13:17-ஐ எடுத்தால் பெரும்பாலும் 'கீழ்ப்படிந்து அடங்கியிருங்கள்' என்பதோடு முடித்துவிடுவார்கள். இவர் அதே வசனத்தில் போதகரின் பங்கு என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்: உங்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர் என்கிற பயம் உள்ளவருக்குத்தான் அந்தக் கீழ்ப்படிதல், அவரை அந்த வேலையைத் துக்கத்தோடு செய்யவைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்றார். அப்புறம் நேராக வீட்டு விஷயங்களுக்கு வந்துவிட்டார். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போடுவது, ஐயரம்மாவைச் சம்பளமில்லாத ஊழியராக நினைப்பது, அவர்கள் பிள்ளைகளின் மார்க்கையும் உடையையும் ஆராய்வது. பிரசங்கம் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லாதவர்கள் புகார் கொடுக்க மட்டும் பேராயரின் டயோசிஸ் ஆபீசுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள் என்றபோது சிரிப்பு எழுந்தது, ஆனால் பல பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொடுத்த காசு இங்கேயே சரியாகிவிட்டது.

மதியம் வேறொருவர். சங்கீதம் 105:15-ஐ வாசித்து, அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதீர்கள், அதாவது கேள்வி கேட்காதீர்கள் என்று ஆரம்பித்தார். அந்தச் சங்கீதத்தை மேலே இருந்து வாசித்தால், நாடு நாடாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிப்பு என்பது தெரியும். பலமில்லாதவர்களைக் காக்கச் சொன்னதை எடுத்து, அதிகாரத்தில் இருப்பவருக்குக் குடை பிடிப்பது எந்த ஊர் நியாயம்? தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தாவீது தொடவில்லை என்ற கதையும் வந்தது, பாதி மட்டும். தாவீது குகையைவிட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி 'நீர் எனக்குச் செய்வது அநியாயம்' என்ற பொருளில் சவுலிடமே முறையிட்டதும் அதே 1 சாமுவேல் 24-இல்தான் இருக்கிறது. அந்தியோகியாவில் மூத்த அப்போஸ்தலரான பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தது பேச்சிலேயே இல்லை.

1 தீமோத்தேயு 5:19, 20 இரண்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் (சபைத் தலைவர்மேல்) பிராது எடுக்காதே என்கிறது முதல் வசனம், அதைக் கேட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் பாதி மூடிவிடும். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது அடுத்தது, அதைக் கேட்டால் மேலிடத்தில் புகார் ஃபைலை அமுக்கிவைப்பவர்களுக்குத் தூக்கம் வராது. இரண்டையும் சேர்த்து வாசிக்க யாருக்கும் ஆசையில்லை போல.

கேள்வி நேரம் குறைவு. எந்த டயோசிஸிலும் சேராத தனிச் சபையிலிருந்து வந்த ஒரு அக்கா, இடம் பாஸ்டர் பெயரில் இருக்கிறது, தசமபாகக் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கணக்கை யாரும் காட்டியதில்லை, என்ன செய்வது என்று கேட்டார். 'ஜெபியுங்கள்' என்று பதில். ஜெபம் சரிதான், ஆடிட்டர் எங்கே? 1947-இல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உருவானபோது பேராயர்களும் இருக்கட்டும், சபையார் தேர்ந்தெடுக்கும் கமிட்டிகளும் இருக்கட்டும் என்று வைத்தது சும்மா அழகுக்கா? அந்தக் கமிட்டி எலக்ஷனே இப்போது எம்.எல்.ஏ. எலக்ஷன் மாதிரி நடக்கிறது, அது தனிக் கதை.

சாப்பாடு பரவாயில்லை, மீன் குழம்பு நன்றாகவே இருந்தது. ஃபேன் சத்தத்தில் பின் வரிசைக்குப் பாதி கேட்காது, முன்னால் உட்காருங்கள். ஐயரை எதிரியாகப் பார்க்கிறவர்கள் காலை வகுப்புக்குக் கட்டாயம் போகலாம். பாஸ்டர் சொன்னால் நகையையும் கழற்றிக் கொடுக்கிறவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது, மதியப் பேச்சாளரை மாற்றும்வரை அவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.